‘ஒன்றரை போதும்’ என்ற கம்பியில் ஆறு ஓட்டிக் காட்டினார்கள்! - தாத்தா வீட்டு மோடமும் ஒரு வேகப் பரீட்சையும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளைக் குத்துவிளக்கு, உடைந்த டேபிள் ஃபேன், கட்டுக்கட்டாகப் பழைய வாரப் பத்திரிகைகள்... இவற்றுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி. திறந்தால், மஞ்சளாகிப்போன வெள்ளை மோடம். முன்பக்கம் நான்கு லைட்டுகள். பின்பக்கம் டெலிபோன் ஒயர் சொருகும் ஓட்டை.

2000-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்தப் பெட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுவிட்சைப் போட்டதும் ‘டி.எஸ்.எல்’ என்ற லைட் மினுக் மினுக்கென்று துடிக்கும். அது துடிப்பதை நிறுத்தி நிலையாக எரிந்தால்தான் நெட். “லைட்டு நின்னுடுச்சா?” என்று தாத்தா ஹாலில் இருந்து கத்துவார். “நின்னுடுச்சு தாத்தா!” என்று நான் கத்துவேன். வெளியாள் யாராவது கேட்டால் கரன்ட் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள்.

பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த தாத்தா, 15 வருடமாக மனசில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். “ஏம்மா, நீ பத்திரிகையிலதான இருக்க... பேசுறதுக்குன்னு போட்ட கம்பிதான அது? 80-ல இழுத்தது. அதுல சினிமா எப்படிம்மா வந்துச்சு?”

பதில் தெரியவில்லை. “டிஜிட்டல் தாத்தா” என்று சமாளித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. சென்னைக்குத் திரும்பிய பிறகு உட்கார்ந்து தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

கம்பி மாறவில்லை, என்ன மாறியது?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. வி.எஸ்.என்.எல் கொடுத்தது. கம்ப்யூட்டர் டெலிபோனில் நம்பர் போட்டு, கீச் கீச்சென்று கத்தி, அந்தப் பக்கத்து மோடமோடு பேசி, கனெக்‌ஷன் வாங்கும். அந்த நேரத்தில் யாராவது போன் செய்தால் எங்கேஜ்டு. எவ்வளவு முக்கினாலும் நொடிக்கு 56 கிலோபிட்தான் உச்சம். நடைமுறையில் அதுவும் கிடைக்காது.

2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. குறைந்தபட்சம் 256 கிலோபிட் இருந்தால்தான் அதற்குப் பெயர் பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல் தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. இப்போது போனும் பேசலாம், நெட்டும் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்த கம்பி? அதே பழைய செம்புக் கம்பிதான். ஒரு ஜோடி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வரை போகிற அதே ஒயர்.

மாறியது கம்பியின் இரண்டு முனைகளிலும் இருக்கும் சிப்கள். ஒன்று உங்கள் மோடத்தில், இன்னொன்று எக்ஸ்சேஞ்சில். கம்பியோடு நேரடியாகப் பேசுகிற சிப்கள் இவை.

மனிதக் குரலைப் புரிந்துகொள்ள 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும் என்று டெலிபோன்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்த கருவிகள் அதற்கு மேல் உள்ளதை எல்லாம் வெட்டி எறிந்துவிடும். டயல்-அப் மோடம் அந்தக் குறுகிய சந்துக்குள்ளேயே ஓடியது. ஆனால் இந்தத் தடை எக்ஸ்சேஞ்சின் தடை. கம்பியின் தடை அல்ல. செம்பு பத்து லட்சம் ஹெர்ட்ஸையும் கடத்தும். என்ன... மிக மோசமாகக் கடத்தும்.

அந்த ‘மிக மோசமாக’ என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

செம்புக் கம்பியின் நான்கு நோய்கள்

முதல் நோய், தேய்வு. அதிர்வெண் கூடக்கூட சிக்னல் சீக்கிரம் செத்துப்போகும். எக்ஸ்சேஞ்சில் இருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தால், உச்ச அதிர்வெண்ணில் அனுப்பிய சக்தியில் லட்சத்தில் ஒரு பங்குகூட வந்து சேராது.

இரண்டாவது, ஒட்டுக்கேட்டல். தெருவில் போகும் கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பக்கத்து வீட்டு லைனின் சிக்னல் நம் லைனுக்குள் கசியும். பழைய டெலிபோனில் தூரத்தில் யாரோ பேசுவது கேட்குமே, அதேதான்.

மூன்றாவது, கிளை. ஹாலில் ஒரு போன், பெட்ரூமில் பேரலலாக இன்னொரு போன் என்று இழுத்திருப்போம். பெட்ரூம் போனைக் கழற்றிவிட்டாலும் ஒயர் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். சிக்னல் அந்த முட்டுச்சந்துக்குள் போய், முட்டித் திரும்பி வந்து, நேராக வருகிற சிக்னலைக் கெடுக்கும். சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் பள்ளமே விழுந்துவிடும்.

நான்காவது, வானொலி. வீட்டுக்கு வரும் ஒயர் ஒரு நீளமான ஏரியல் மாதிரி வேலை செய்யும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் நம் டெலிபோன் ஒயரில் ஓசைப்படாமல் ஏறி உட்கார்ந்திருக்கும். போனில் பேசும்போது காதுக்குக் கேட்காது. ஆனால் அதே அதிர்வெண்ணில் இன்டர்நெட் அனுப்பப் பார்த்தால் இடிக்கும்.

இவ்வளவு நோய் உள்ள கம்பியில் வீடியோ அனுப்ப முடியும் என்று 1980-களில் சொன்னவர்கள் மிகச் சிலர்.

பெரிய குழாய் வீட்டுக்கு, சின்னக் குழாய் வெளியே

அந்தச் சிலரில் ஒருவர் ஜோசப் லெக்லைடர். அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்ஜினீயர். 1984-ல் அங்கே மாபெரும் ஏ.டி அண்ட் டி டெலிபோன் நிறுவனத்தை உடைத்து, வட்டாரக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அந்த வட்டாரக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வைத்துக்கொண்ட பொது ஆராய்ச்சிக்கூடம்தான் பெல்கோர்.

லெக்லைடர் கவனித்த விஷயம் எளிமையானது. எக்ஸ்சேஞ்சில் எல்லா வீட்டு லைன்களும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. உங்கள் வீட்டில் இருந்து கிளம்பிய சிக்னல் தேய்ந்து, முனகலாக அங்கே வந்து சேரும். அதே இடத்தில் அடுத்த லைனுக்கான சிக்னல் புத்தம் புதிதாக, முழுக் குரலில் கிளம்புகிறது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் “மதுரை மதுரை மதுரை” என்று கத்தும்போது, பக்கத்தில் ஒரு குழந்தை காதில் சொல்லும் ரகசியத்தைக் கேட்க முயல்வது போல.

தீர்வு? இரண்டு திசையையும் சமமாக நடத்தாதே. வீட்டுக்கு வருகிற திசைக்கு அகலமான இடம், வீட்டில் இருந்து போகிற திசைக்குக் குறுகலான தனி இடம். வீட்டில் இருப்பவர் படம் பார்க்கத்தானே போகிறார். அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? இதுதான் ஏ.டி.எஸ்.எல் என்பதன் முதல் எழுத்தான ‘ஏ’ - சமச்சீரற்றது.

நம் வீட்டு பிராட்பேண்டில் டவுன்லோட் வேகமாகவும் அப்லோட் ஆமையாகவும் இருந்தது கஞ்சத்தனத்தால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. பஸ் ஸ்டாண்ட் பிரச்னை!

ஒரு லாரியா, 256 சைக்கிள்களா?

பாதை பிரித்தாயிற்று. அதில் எப்படி ஓட்டுவது? இங்கேதான் இரண்டு கட்சி.

ஒரு கட்சி ஒற்றை அலைக் கட்சி. எல்லா டேட்டாவையும் ஒரே அலையில் ஏற்றி, முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு அனுப்புவது. சாலையில் உள்ள பள்ளம் மேட்டை எல்லாம் ஒரு நல்ல ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஏ.டி அண்ட் டி இந்தப் பக்கம் நின்றது. அவர்களுடைய முறைக்கு ‘கேப்’ என்று பெயர். அதன் நெருங்கிய உறவுக்கார முறை ‘க்யூஏஎம்’.

இன்னொரு கட்சியின் முகம் ஜான் சியோஃபி. பெல் லேப்ஸிலும் ஐ.பி.எம்-மிலும் வேலை பார்த்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர். 1991-ல் அமாட்டி என்ற குட்டிக் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய முறைக்கு டி.எம்.டி என்று பெயர்.

லாரி வேண்டாம், 256 சைக்கிள் விடுவோம் என்பதுதான் டி.எம்.டி. சாலையை 256 மெல்லிய கோடுகளாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலம். மொத்தம் 1,104 கிலோஹெர்ட்ஸ். கீழே உள்ள சில கோடுகள் குரலுக்காகக் காலி. 32-வது கோடு வரை உள்ளவை பெரும்பாலும் வீட்டில் இருந்து போகிற திசைக்கு. மிச்சம் வீட்டுக்கு வருகிற திசைக்கு.

கிளம்புவதற்கு முன்னால் எல்லா சைக்கிளையும் வெறுமனே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கோட்டில் பள்ளம், எதில் பக்கத்து வீட்டுச் சத்தம், எதில் வானொலி என்று கணக்கெடுப்பார்கள். நல்ல கோட்டில் போகிற சைக்கிளுக்கு 15 பிட் வரை சுமை. சுமாரான கோட்டுக்கு 5, 6. மோசமான கோட்டுக்கு 2. படுமோசமா? அந்த சைக்கிளை நிறுத்திவிடு.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 720-ஐ 4.3125-ஆல் வகுத்தால் 167. திருச்சியின் 936-ஐ வகுத்தால் 217. ஆக, சென்னையில் வானொலி நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மோடம் வைத்திருந்தவர்களுக்கு 167-வது சைக்கிளும் அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டும் காலியாகப் போயிருக்க வாய்ப்பு உண்டு. திருச்சிக்காரர்களுக்கு 217. மற்றவை வழக்கம்போல ஓடும். மோடத்துக்கு வானொலி நிலையம் இருப்பதே தெரிய வேண்டாம். ‘இந்தக் கோடு சரியில்லை’ என்று தெரிந்தால் போதும்.

இப்போது தாத்தா வீட்டு லைட்டுக்கு வருவோம். அது துடித்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் மோடம் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சுடன் சேர்ந்து ஒவ்வொரு கோடாகச் சோதித்துக்கொண்டிருந்தது. எந்த சைக்கிளுக்கு எவ்வளவு சுமை என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் லைட் ‘நிற்கும்’. மழை பெய்த நாளில் ஸ்பீடு குறைந்ததற்கும் அதுதான் காரணம். ஜங்ஷன் பாக்ஸில் ஈரம், ஜாயின்ட்டில் பச்சைக் களிம்பு. அன்றைய தேர்வில் பல கோடுகள் ஃபெயில்.

அருமையான யோசனைதான். ஆனால் இதில் ஒரு வில்லங்கம். 256 அலைகளையும் கலந்து அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். நொடிக்கு 4,000 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் இதைச் செய்ய ஒற்றைச் சிப் கிடையாது. ‘தியரியில் அழகு, சாதனமாகச் செய்தால் விலை கட்டுப்படியாகாது’ என்று சந்தேகப்பட்டவர்கள் பலர்.

நியூ ஜெர்சியில் நடந்த பந்தயம்

பந்தயம் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. 1993 தொடக்கத்தில், பெல்கோர் ஆய்வகத்தில். போட்டியாளர்கள் தங்கள் மாதிரி மோடம்களைக் கொண்டுவந்து ஒரே மாதிரிக் கம்பியில், ஒரே மாதிரி இரைச்சலில் ஓட்டிக்காட்ட வேண்டும். பின்னாளில் அந்தத் துறைக்காரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘ஏ.டி.எஸ்.எல் ஒலிம்பிக்ஸ்’.

ஆரம்பத்தில் டெலிபோன் கம்பெனிகள் கேட்டது நொடிக்கு 1.5 மெகாபிட். அந்தக் காலத்து எம்பெக்-1 முறையில் சுருக்கினால் வீடியோ கேசட் தரத்தில் ஒரு படம் ஓட்ட அது போதும். கேபிள் டிவிக்காரர்களுக்குப் போட்டியாக, டெலிபோன் லைனிலேயே வீட்டுக்குப் படம் கொடுப்பது என்பதுதான் அவர்கள் கனவு. இன்டர்நெட் என்ற பேச்சே கிடையாது! 18,000 அடி, அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தூரம்வரை இந்த 1.5 வேண்டும்.

ஆனால் 1.5-ல் ஒரு வீட்டுக்கு ஒரு படம்தான். கிரிக்கெட் மாதிரி வேகமாக ஓடியாடும் காட்சி என்றால் அதுவும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் அடுத்த படியையும் சோதித்தார்கள். சுமார் 12,000 அடி தூரத்தில் 6 மெகாபிட். நான்கு மடங்கு வேகம்.

நான்கு மடங்கு என்பது எவ்வளவு கஷ்டம்? டி.எம்.டி கணக்குப்படி பார்த்தால், நொடிக்கு 4,000 தவணை. 6 மெகாபிட்டுக்கு ஒவ்வொரு தவணையிலும் 1,500 பிட் ஏற வேண்டும். வீட்டுக்கு வரும் திசையில் உள்ள கோடுகள் சுமார் 220. சராசரியாக ஒவ்வொரு சைக்கிளும் ஏழு பிட் சுமக்க வேண்டும். ஆனால் 12,000 அடி தாண்டினால் மேல்பக்கத்துக் கோடுகள் ஏழு என்ன, ஒன்றுகூடச் சுமக்கத் திணறும். அப்போது கீழ்ப்பக்கத்துக் கோடுகள் 10, 12 என்று இழுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் சரிந்துவிடும்.

தேர்ச்சி விதியும் கடுமையானது. ஒரு கோடி பிட்டுக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? 6 மெகாபிட் வேகத்தில் ஒரு கோடி பிட் என்பது ஒன்றே முக்கால் நொடிகூட இல்லை. அதுவும் சாதாரண இரைச்சலில் இல்லை. எதிர்பார்க்கும் இரைச்சலைப்போல நான்கு மடங்கு சக்தியில் இரைச்சலை ஊட்டி, அப்போதும் இந்தக் கணக்குக்குள் நிற்க வேண்டும். இன்ஜினீயர்கள் இதை ‘6 டெசிபல் மார்ஜின்’ என்பார்கள். நிஜ உலகம் ஆய்வகத்தைவிட மோசமாக இருக்கும் என்பதற்கான முன்ஜாமீன் அது.

போதாததற்கு, திடீர் அதிர்ச்சிகள். வீட்டில் மிக்ஸி போட்டால், ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினால், தூரத்தில் மின்னல் வெட்டினால் லைனில் ஒரு துள்ளல் ஏற்படும். அதைச் சமாளிக்க சி.டி-யில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓட உதவும் அதே ரீட்-சாலமன் பிழைதிருத்தத்தை இதிலும் வைத்தார்கள்.

முடிவு? ஸ்டான்ஃபோர்டுக்காரர்களின் குட்டிக் கம்பெனி 6 மெகாபிட்டை ஓட்டிக் காட்டியது. ஏ.டி அண்ட் டி-யின் முறை பின்னால் நின்றது. 1993 மார்ச்சில் அமெரிக்கத் தரநிலைக் குழு டி.எம்.டி-யைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த மாதம், ஏப்ரல் 30. சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வகம், தன்னிடம் பிறந்த வேர்ல்டு வைட் வெப் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படம் பார்க்க என்று ஒரு கூட்டம் சாலை போட்டுக்கொண்டிருந்தது. அதில் போகப்போகிற வண்டி இன்னோர் இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. டெலிபோன் கம்பெனிகளின் வீடியோ கனவு சில வருடங்களில் சுருங்கிப்போனது. இன்டர்நெட் வந்து அந்தச் சாலையை எடுத்துக்கொண்டது.

சிப் ஜெயித்தது எப்போது?

பந்தயத்தில் ஜெயித்ததோடு சுபம் போட முடியவில்லை. தரநிலைக் குழு ஒன்றைச் சொல்ல, சந்தை இன்னொன்றை வாங்கியது. 90-களின் பிற்பகுதி வரை பல கம்பெனிகள் கேப் மோடம்களையே வீடுகளில் மாட்டின. 1997-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ், அமாட்டியை 39.5 கோடி டாலருக்கு வாங்க முன்வந்த பிறகுதான் காற்று முழுக்கத் திரும்பியது. 1999-ல் ஐ.டி.யு-வின் உலகத் தரநிலையும் டி.எம்.டி-யாகவே வந்தது.

இந்த இடைவெளியில் நடந்தது, கேமராவுக்கு முகம் காட்டாத வேலை. பெரிய பெட்டியில் இருந்த கணக்கை எல்லாம் ஒரு சிப்புக்குள் அடைப்பது ஒரு பக்கம். அது வருடா வருடம் தானாகவே எளிதாகிக்கொண்டு வந்தது. தொல்லை கொடுத்தது இன்னொரு சிப். கம்பியை நேரடியாகத் தள்ளுகிற, ‘லைன் டிரைவர்’ என்று சொல்லப்படுகிற சிப்.

256 பேரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளத்தில் கைதட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சீரான சலசலப்புதான் கேட்கும். ஆனால் எப்போதாவது ஒரு கணம், தற்செயலாக, ஏறக்குறைய எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டிவிடுவார்கள். டமால்!

டி.எம்.டி-யிலும் அதேதான். லைனில் போகும் சராசரி சக்தி வெறும் 100 மில்லிவாட். சராசரி வோல்டேஜ் மூன்று வோல்ட்டை ஒட்டி. ஆனால் 256 அலைகளும் ஒன்றுகூடும் கணத்தில் அது 16, 17 வோல்ட்டுக்குத் துள்ளும். சில நொடிகளுக்கு ஒருமுறை வருகிற அந்த ஒரு துள்ளலுக்காக டிரைவர் சிப் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். உச்சியை வெட்டிவிட்டால் ஒரு சைக்கிள் மட்டும் விழாது. 256-ம் ஒரே நேரத்தில் தடுமாறும்.

சரி, அதிக வோல்டேஜ் கொடுத்துத் தயாராக வைத்தால்? சூடு. கம்பியில் 100 மில்லிவாட் அனுப்புவதற்காகச் சிப் அதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தைச் சூடாக்கிக் கரைத்துவிடும். வீட்டில் ஒரு மோடம். தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் ஒரே அட்டையில் பல டஜன் லைன். அங்கே அது அடுப்பு.

இந்தச் சிப்பைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றைப் படித்தபோது ரசித்துச் சிரித்தேன். எல்லாக் கோட்டிலும் சுமை ஏற்றி, ஒரே ஒரு கோட்டை மட்டும் வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். அந்தக் காலிக் கோட்டில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், அது சிப் தன் தடுமாற்றத்தால் பக்கத்துக் கோடுகளில் இருந்து சிந்திய குப்பை. பந்தியில் ஓர் இலையை மட்டும் காலியாக விட்டு, பரிமாறுகிறவர் எவ்வளவு சிந்துகிறார் என்று பார்ப்பது போல. சிந்தியது, பக்கத்துக் கோட்டுச் சக்தியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குள் இருந்தால்தான் அந்தக் கோட்டில் நிறைய பிட் ஏற்ற முடியும்.

2003-ல் ஏ.டி.எஸ்.எல் 2 பிளஸ் வந்தபோது இந்தச் சோதனைதான் பல சிப்களுக்குக் கண்டம். கோடுகள் 512, அகலம் 2,208 கிலோஹெர்ட்ஸ், உச்ச வேகம் 24 மெகாபிட். பழைய வேகத்தில் சுத்தமாகப் பரிமாறிய ஒரு டிரைவர் சிப், அகலத்தை இரட்டிப்பாக்கியதும் மேல்பக்கத்துக் கோடுகளில் சிந்தத் தொடங்கிவிடும். வேகமான அலைக்கு ஏற்ப அதால் கையைத் திருப்ப முடியாது. காலிக் கோட்டைக் கீழே வைத்துச் சோதித்தால் பாஸ். மேலே வைத்தால் ஃபெயில். புது வேகத்துக்கு அனுப்புவதற்கு முன், காலி இலையை ஒவ்வோர் இடமாக நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இவ்வளவு பாடுபட்டாலும், வீடு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் 2 பிளஸால் பெரிய லாபம் கிடையாது. அந்த உயரத்து அதிர்வெண்கள் அத்தனை தூரம் போகாது. விளம்பரத்தில் 24 என்று போட்டிருந்தும் ஊர் எல்லையில் இருந்தவர்களுக்கு இரண்டு, மூன்று கிடைத்ததில் பாதிக் குற்றம் இயற்பியலுடையது. மீதிப் பாதிக்கு நான் ஜாமீன் கொடுக்க முடியாது.

சியோஃபிக்கு 2006-ல் மார்க்கோனி பரிசு கிடைத்தது. லெக்லைடர் 2015-ல், 82 வயதில் காலமானார். செம்புக் கம்பி வேகமாகச் செத்துக்கொண்டிருந்தாலும், அலையைப் பல கோடுகளாகப் பிரித்து அனுப்புகிற அந்த முறை சாகவில்லை. இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கிற போனின் 4ஜி சிக்னலும், வீட்டு வைஃபையும் அதே குடும்பம்தான்.

பரணில் இருந்து இறங்கிய மோடம்

இதையெல்லாம் படித்து முடித்த அன்றைக்கு இரவு தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னேன். லாரி, சைக்கிள், பந்தி என்று கையை ஆட்டி ஆட்டி முக்கால் மணி நேரம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்ப மழை வந்தா லைன்மேன் தம்பி வந்து ஜாயின்ட்டைச் சுரண்டி விடுவானே... உடனே ஸ்பீடாயிடுமே. அது அந்தக் கோடெல்லாம் பாஸாயிட்டதுனாலதானா?” என்றார். ஆமாம் என்றேன். “அவனுக்கு இது தெரியுமா?” என்றார். அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும் தாத்தா என்றேன்.

தாத்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. போனை டேபிளில் சாய்த்து வைத்துவிட்டு, மோடத்தைத் துடைத்து, அடாப்டரைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். பவர் லைட் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து டி.எஸ்.எல் லைட் மெல்லத் துடிக்க ஆரம்பித்தது.

வீட்டில் இப்போது ஃபைபர். லேண்ட்லைனைச் சரண்டர் செய்து மூன்று வருடமாகிறது. சுவரில் சாக்கெட் மட்டும் இருக்கிறது. அதற்குப் பின்னால் கம்பி எங்கே அறுந்து தொங்குகிறதோ, தெரியாது. மோடத்துக்கு அது தெரியாதல்லவா? மறுமுனையில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“ஆஃப் பண்ணிடுங்க தாத்தா, அது நிக்காது” என்றேன்.

“இருக்கட்டும்மா. பாட்டுக்குத் துடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.